ஹவுரா பாலம்: பகல் 12 மணிக்கு மூடுறாங்களா? ஒரு நட்டு, போல்ட் கூட இல்லையா? நீளம் 457 மீட்டரா, 705 மீட்டரா? உண்மை என்ன?

"கொல்கத்தாவுல ஒரு பாலம் இருக்கு. தினமும் பகல் 12 மணிக்கு மூடிடுவாங்க. மூடலைன்னா இடிஞ்சு விழுந்துடும்!" இப்படி ஆரம்பிக்கும் ரீல்ஸ் ஒன்றாவது உங்கள் மொபைலுக்கு வந்திருக்கும். பின்னணியில் திகில் மியூசிக், திரையில் ஹவுரா பாலத்தின் படம். சில வீடியோக்களில் அந்தப் படமே வேறு பாலத்தின் படமாக இருக்கும் என்பது தனிக்கதை.

ஹவுரா பாலம் நமக்கும் தெரியாத பாலம் இல்லை. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் ஹவுரா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், முதலில் கண்ணில் படுவது அந்த இரும்புப் பாலம்தான். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா, கிழக்குக் கரையில் கொல்கத்தா. இரண்டையும் இணைக்கும் இந்தப் பாலத்தில் தினமும் சுமார் 1 லட்சம் வாகனங்களும், 1.5 லட்சத்துக்கும் அதிகமான பாதசாரிகளும் போய் வருகிறார்கள்.

இவ்வளவு பேர் நம்பி நடக்கும் ஒரு பாலத்தைப் பற்றிப் பரவும் தகவல்களில் எது உண்மை, எது பொய், எது பாதி உண்மை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தகவல் 1: "தினமும் 12 மணிக்குப் பாலம் மூடப்படும். இல்லையென்றால் இடிந்துவிடும்"

முடிவு: தவறு.

பகல் 12 மணிக்கோ, நள்ளிரவு 12 மணிக்கோ ஹவுரா பாலத்தைத் தினமும் மூடும் வழக்கம் கிடையாது. மூடினால் நாட்டின் மிகப் பரபரப்பான ரயில் நிலையங்களில் ஒன்றான ஹவுரா ஸ்டேஷனே ஸ்தம்பித்துவிடும்.

வெயிலில் இரும்பு விரிவடையும் என்பது உண்மைதான். அதற்காகப் பாலத்தை மூட வேண்டிய அவசியம் இல்லை. அந்த விரிவுக்கு இடம் கொடுக்கும் இணைப்புகளை டிசைனிலேயே வைத்திருக்கிறார்கள். பாலத்தின் நடுப்பகுதியும் இருபுறக் கைகளும் சேரும் இடத்தில் பிரதான இணைப்புகள் உள்ளன. கோபுரங்களின் அருகிலும், இரும்புக் கட்டுமானம் கான்கிரீட் சாலையைத் தொடும் இடங்களிலும் இதேபோல இணைப்புகள் இருக்கின்றன. சூரியன் உச்சிக்கு வந்தாலும் பாலம் தன் வேலையைப் பார்க்கும்.

அப்போ பாலத்தை மூடியதே இல்லையா? மூடியிருக்கிறார்கள். 2024 நவம்பர் 16 இரவு 11.30 மணி முதல் மறுநாள் அதிகாலை 4.30 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது. காரணம், பாலத்தின் உறுதித்தன்மையைச் சோதிக்கும் ஆய்வு. அது முன்கூட்டியே அறிவித்து நடத்தப்பட்ட பராமரிப்புப் பணி. தினசரிச் சடங்கு இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'ஹவுரா பாலம்' வழக்கமாக மூடப்பட்ட ஒரு காலம் உண்மையிலேயே இருந்தது. ஆனால், அது இந்தப் பாலம் இல்லை. அதற்கு முன்னால் இருந்த மிதவைப் பாலம். அது என்னவென்று அடுத்துப் பார்ப்போம்.

தகவல் 2: "ஹவுரா பாலத்துக்கு வயது 150"

முடிவு: இரண்டு பாலங்களைக் குழப்பிச் சொல்லப்படும் தகவல்.

1874-ல் ஹவுராவுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஒரு பாலம் திறக்கப்பட்டது உண்மை. சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற பொறியாளர் வடிவமைத்த மிதவைப் பாலம் அது. தண்ணீரில் மிதக்கும் பெரிய மிதவைகளின் மேல் சாலையை அமைத்திருந்தார்கள். அதன் நீளம் 1,528 அடி, அகலம் 62 அடி. கட்டி முடிக்கும் முன்பே, 1874 மார்ச் மாதம் வீசிய புயலில் 'எகேரியா' என்ற நீராவிக் கப்பல் கட்டவிழ்ந்து வந்து மோதியதில் பாலம் சேதமடைந்தது. அதைச் சரிசெய்து அந்த ஆண்டு அக்டோபரில் திறந்தார்கள்.

ஆற்றில் கப்பல் போக வேண்டுமென்றால் பாலத்தின் நடுவே 200 அடி பகுதியைத் தனியாகப் பிரித்து வழிவிடுவார்கள். அதுவரை மேலே போக்குவரத்து கிடையாது. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

20-ம் நூற்றாண்டு தொடங்கியபோது நெரிசல் தாங்க முடியாமல் போனது. புதிய பாலம் வேண்டும் என்ற பேச்சு ஆரம்பித்தது. கமிட்டி மேல் கமிட்டி அமைந்தது. 1926-ல் 'புதிய ஹவுரா பாலச் சட்டம்' வந்தது. கட்டுமானம் தொடங்கியதோ 1936-ல்தான். 1942-ல் வேலை முடிந்து, 1943 பிப்ரவரி 3 அன்று இன்றைய பாலம் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆக, 1874 என்பது பழைய பாலத்தின் பிறந்த ஆண்டு. இப்போது நிற்கும் பாலத்தின் வயதை 1943-லிருந்துதான் கணக்கிட வேண்டும்.

தகவல் 3: "ஒரு நட்டு, போல்ட் கூட இல்லாமல் கட்டிய பாலம்"

முடிவு: உண்மை. ஆனால் மாயாஜாலம் இல்லை.

பாலத்தின் பிரதானக் கட்டுமானம் முழுக்க ரிவெட் அடித்து இணைக்கப்பட்டது. ரிவெட் என்பது ஒரு பக்கம் தலை கொண்ட தடித்த இரும்பு ஆணி. அதைச் செக்கச்செவேல் எனப் பழுக்கக் காய்ச்சி, இரண்டு தகடுகளின் துளை வழியாகச் செருகி, மறுமுனையை அடித்து இன்னொரு தலையை உருவாக்குவார்கள். சூடு ஆறும்போது ஆணி சுருங்கும். அப்போது இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நட்டைப் போல முறுக்கிக் கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இது ஹவுராவுக்கு மட்டுமே உரிய அதிசயம் இல்லை. 1889-ல் திறக்கப்பட்ட ஈஃபில் கோபுரத்தில் சுமார் 25 லட்சம் ரிவெட்கள் உள்ளன. 1932-ல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலமும் ரிவெட் பாலம்தான். பெரிய பாலங்களில் அதிக வலிமை கொண்ட போல்ட்டுகள் புழக்கத்துக்கு வந்தது 1950-களுக்குப் பிறகு. அதற்கு முன் கட்டிய பெரிய இரும்புக் கட்டுமானங்களுக்கு ரிவெட்தான் வழக்கம்.

தகவல் 4: "தூணே இல்லாமல் நிற்கும் தொங்குபாலம்"

முடிவு: பாதி உண்மை.

ஆற்றின் நடுவில் தூண் இல்லை என்பது சரி. ஆனால் பாலத்தைத் தாங்க இரு கரையிலும் தலா ஒரு பிரம்மாண்டமான இரும்புக் கோபுரம் நிற்கிறது. அந்தக் கோபுரங்களின் அடித்தளம் ஆற்றங்கரை மண்ணுக்குள் ஆழமாக இறக்கப்பட்டது. கொல்கத்தா பக்கம் 31 மீட்டருக்கும் மேல், ஹவுரா பக்கம் 26 மீட்டருக்கும் மேல்.

'தொங்குபாலம்' என்பதும் சரியான சொல் இல்லை. இது கேண்டிலீவர் பாலம். சிம்பிளாகச் சொல்லணும்னா, வீட்டுச் சுவரிலிருந்து பால்கனி எப்படி முன்னால் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதுபோல. ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஒரு கை ஆற்றின் மேல் நீள்கிறது. அது முன்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, கோபுரத்தின் பின்பக்கம் இன்னொரு கை கரையில் பிடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆற்றின் மேல் நீளும் இரண்டு கைகளின் நுனிகளுக்கு நடுவே ஒரு பகுதி மாட்டப்பட்டிருக்கிறது.

'தொங்கும்' என்ற சொல் எங்கே பொருந்தும் என்றால், வாகனங்கள் ஓடும் தளத்துக்கு. மேலே இருக்கும் இரும்புச் சட்டகத்திலிருந்து 39 ஜோடி இரும்புத் தொங்கிகள் கீழே இறங்கி அந்தத் தளத்தைத் தாங்குகின்றன.

ஆற்றின் நடுவே ஏன் தூண் வைக்கவில்லை? ஹூக்ளியில் கப்பல், படகுப் போக்குவரத்து அதிகம். நடுவே தூண்கள் நின்றால் அது தடைபடும். வண்டல் சேர்ந்து ஆறு தூர்ந்துபோகும் சிக்கலும் உண்டு.

தகவல் 5: "பாலத்தின் நீளம் 457 மீட்டர்", "இல்லை, 705 மீட்டர்", "இல்லை, 823 மீட்டர்"

முடிவு: முதல் இரண்டும் புழக்கத்தில் உள்ள எண்கள்தான், அளப்பது வேறு வேறு. மூன்றாவது தவறு.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

• ஆற்றின் மேல் நீளும் கை: 468 அடி. இருபுறமும் சேர்த்து 936 அடி.
• நடுவில் மாட்டப்பட்ட பகுதி: 564 அடி.
• கோபுரத்தின் பின்பக்கக் கை: 325 அடி. இருபுறமும் சேர்த்து 650 அடி.

முதல் இரண்டையும் கூட்டினால் 1,500 அடி, அதாவது 457 மீட்டர். இது ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரம் வரையிலான தூரம். 'மெயின் ஸ்பான்' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

பின்பக்கக் கைகளையும் சேர்த்தால் 2,150 அடி. மீட்டரில் சுமார் 655. இது இரும்புச் சட்டகத்தின் முழு நீளம்.

பாலத்தின் மொத்த நீளம் என்று பரவலாகக் குறிப்பிடப்படும் எண் 705 மீட்டர். அதாவது சட்டகத்தைவிடச் சுமார் 50 மீட்டர் அதிகம். எனவே "ஹவுரா பாலத்தின் நீளம் என்ன?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொன்னால் போதாது. எங்கிருந்து எங்கு வரை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, 823 மீட்டர் எங்கிருந்து வந்துச்சு? அது ஹவுரா பாலமே இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவின் நீளம். 'இரண்டாவது ஹூக்ளி பாலம்' என்றும் அதைச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் மெயின் ஸ்பானும் 457 மீட்டர்தான். ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே எண். குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். உயரமான கோபுரங்களிலிருந்து விசிறி மாதிரி கேபிள்கள் இறங்கினால் அது வித்யாசாகர் சேது. கேபிளே இல்லாமல் இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் அது ஹவுரா பாலம்.

தகவல் 6: "அகலம் 71 அடி, உயரம் 280 அடி"

முடிவு: சரி. ஆனால் முழு விவரம் தேவை.

71 அடி என்பது வாகனங்கள் போகும் சாலையின் அகலம் மட்டும். மீட்டரில் 21.6. அதற்கு இருபுறமும் தலா 15 அடி அகலத்தில் நடைபாதை உள்ளது. மூன்றையும் கூட்டினால் 101 அடி. நடைபாதைக்கு மட்டும் 30 அடி ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பாதசாரிகளை மனதில் வைத்துக் கட்டப்பட்ட பாலம் இது.

உயரத்திலும் இதே கதைதான். 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர் என்பது கோபுர அடித்தளத்தின் மேற்பரப்பிலிருந்து உச்சி வரை. 82 மீட்டர் என்ற எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது. எங்கிருந்து அளந்தது என்ற விவரம் சேர்ந்து வருவது 280 அடிக்குத்தான்.

பாலத்துக்கு அடியில் படகு போகக் கிடைக்கும் உயரம் இதிலிருந்து வேறு. அது 8.8 மீட்டர்தான்.

தகவல் 7: "உலகின் மிக நீளமான கேண்டிலீவர் பாலம்"

முடிவு: தவறு. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கேண்டிலீவர் பாலங்களை மெயின் ஸ்பானை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். 1943-ல் ஹவுரா பாலம் மூன்றாவது இடத்தில் இருந்தது. கனடாவின் கியூபெக் பாலம் 549 மீட்டர், ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம் 521 மீட்டர். இந்த இரண்டுக்கும் அடுத்தபடியாக 457 மீட்டரில் ஹவுரா.

பிறகு மூன்று பாலங்கள் ஹவுராவைத் தாண்டின. ஜப்பானின் ஒசாகாவில் உள்ள மினாட்டோ பாலம் 510 மீட்டர், அமெரிக்காவின் கமடோர் பேரி பாலம் 501 மீட்டர், நியூ ஆர்லியன்ஸில் உள்ள பாலம் 480 மீட்டர். இப்போது ஹவுராவுக்கு 6-வது இடம்.

தகவல் 8: "வெள்ளைக்காரன் இரும்பு, அதான் இன்னும் நிக்குது"

முடிவு: தவறு.

பாலத்தை வடிவமைத்தது லண்டனைச் சேர்ந்த ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் நிறுவனம். முதன்மை ஒப்பந்ததாரர் இங்கிலாந்தின் கிளீவ்லேண்ட் பிரிட்ஜ் நிறுவனம். இதுவரை சரி.

ஆனால் இரும்பு? பாலத்துக்கு மொத்தம் 26,500 டன் எஃகு தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப்போர் வந்தது. இங்கிலாந்தில் எஃகு போர்த் தேவைக்குத் திரும்பியது. அங்கிருந்து வந்தது சுமார் 3,000 டன் மட்டுமே. மீதி 23,000 டன்னுக்கும் மேல் தயாரித்துக் கொடுத்தது டாடா ஸ்டீல். இந்தப் பாலத்துக்கு என்றே 'டிஸ்க்ரோம்' என்ற உயர் வலிமை எஃகை உருவாக்கினார்கள். அதைப் பாலத்தின் பாகங்களாக வெட்டி, இணைத்துக் கொடுத்தது கொல்கத்தாவில் இயங்கிய பிரெய்த்வெய்ட், பர்ன் அண்ட் ஜெசப் நிறுவனம்.

படம் வரைந்தது லண்டனில். எஃகு உருகியதும், ரிவெட் அடித்ததும் இந்தியாவில். பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் இந்திய எஃகு என்பதுதான் கணக்கு.

தகவல் 9: "மிகப் பிரம்மாண்டமான விழாவில், தாகூர் திறந்து வைத்தார்"

முடிவு: தவறு.

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் 1941-லேயே காலமாகிவிட்டார். பாலம் பயன்பாட்டுக்கு வந்தது 1943-ல். பாலத்துக்கு அவர் பெயரால் 'ரவீந்திர சேது' என்று பெயர் சூட்டியது 1965 ஜூன் 14 அன்று. இந்தப் பெயர் மாற்றம்தான் குழப்பத்துக்குக் காரணம். மக்கள் வாயில் இன்றைக்கும் அது ஹவுரா பிரிட்ஜ்தான்.

திறப்பு விழாவே நடக்கவில்லை என்பதுதான் உண்மை. 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கொல்கத்தா மீது குண்டு வீசியிருந்தன. இவ்வளவு பெரிய பாலம் திறக்கப்படுகிறது என்று விளம்பரம் செய்தால் எதிரிக்கு இலக்கைக் காட்டிக் கொடுத்தது போலாகிவிடும். அதனால் மேடை, ரிப்பன் எதுவும் இல்லை. முதலில் கடந்து போனது ஒரே ஒரு டிராம். அந்த டிராம் சேவையும் 1993-ல் இந்தப் பாலத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. டிராம் ஓடும் ஹவுரா பாலப் படத்தை "இன்றைய காட்சி" என்று யாராவது அனுப்பினால், அது குறைந்தது 30 வருடப் பழைய படம்.

தகவல் 10: "பான், குட்கா எச்சிலால் பாலமே கரைகிறது"

முடிவு: மிகைப்படுத்தல். ஆனால் அடிப்படையில் உண்மை இருக்கிறது.

நடைபாதையை ஒட்டி இருக்கும் இரும்புத் தொங்கிகளின் அடிப்பகுதியில் மக்கள் எச்சில் துப்பித் துப்பி, அவற்றைப் பாதுகாக்கும் இரும்பு உறைகள் அரித்துப்போயின. 6 மில்லிமீட்டர் தடிமன் இருந்த உறைகள் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது 2011-ல் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அதுவும் 2007-லிருந்து நான்கே ஆண்டுகளில் நடந்த தேய்மானம். பிறகு அடிப்பகுதிகளை ஃபைபர் கிளாஸ் கொண்டு மூடினார்கள்.

தேய்ந்தது உறைதான், பாலத்தைத் தாங்கும் தொங்கி இல்லை. ஆனால் உறை முழுவதும் போனால் அடுத்து அரிப்பது அந்தத் தொங்கியைத்தான். பறவைகளின் எச்சமும் இதேபோல இணைப்புகளை அரிக்கிறது. 2003-ல் நடந்த ஆய்வு அந்தச் சேதத்தைக் காட்டியது.

அப்போ உண்மையில் கவலைப்பட வேண்டியது எது?

12 மணிக் கட்டுக்கதையைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு, 2005 ஜூன் 24 அன்று நடந்தது தெரியாது. ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்திருந்த நேரத்தில் பாலத்துக்கு அடியில் நுழைந்த ஒரு சரக்குக் கப்பலின் புகைபோக்கி, பாலத்தின் அடிப்பகுதியில் சிக்கிக்கொண்டது. சுமார் 3 மணி நேரம் கப்பல் அங்கேயே மாட்டிக்கொண்டு, தளத்தின் அடியில் இருந்த இரும்புச் சட்டங்களைச் சேதப்படுத்தியது. சேத மதிப்பு சுமார் ரூ.1.5 கோடி. 1943-ல் பாலம் கட்டி முடிக்க ஆன செலவு சுமார் ரூ.2.5 கோடி என்பதோடு அதை ஒப்பிட முடியாதுதான், பண மதிப்பு மாறிவிட்டது. ஆனால் 8.8 மீட்டர் என்ற ஒரு அளவை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த விபத்தே சாட்சி.

பாலத்துக்கு ஆபத்து சூரியன் உச்சிக்கு வருவதால் இல்லை. துரு, எச்சில், பறவை எச்சம், அதிகப் பாரம், கவனக்குறைவு ஆகியவைதான் அதன் எதிரிகள். இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் கொல்கத்தா துறைமுக நிர்வாகம் ஆய்வுகளை நடத்துகிறது. 2024-ல் ஐந்து மணி நேரம் பாலத்தை மூடியதும் அதற்குத்தான். அதை "பார்த்தீங்களா, மூடிட்டாங்க!" என்று கட்டுக்கதைக்குச் சாட்சியாகக் காட்டுவது, டாக்டரிடம் செக்கப் போனவரைப் பார்த்து ஆள் அவ்வளவுதான் என்று சொல்வது மாதிரி.

உங்களுக்கு இதுபோன்ற தகவல் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

• படத்தில் இருப்பது அந்தப் பாலம்தானா என்று முதலில் பாருங்கள். கேபிள் இருக்கிறதா, இரும்புச் சட்டகமா?

• நீளம், உயரம் என்று எண் வந்தால், எங்கிருந்து எங்கு வரை என்று கேளுங்கள். அந்த விவரம் இல்லாத எண் அரைத் தகவல்தான்.

• அடியா, மீட்டரா என்று பாருங்கள். 1,500 அடியும் 457 மீட்டரும் ஒன்றுதான். பாகங்களின் அளவு கிடைத்தால் கூட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

• ஆண்டைச் சொன்னால், அதே இடத்தில் அதற்கு முன் வேறு பாலம் இருந்ததா என்று தேடுங்கள். தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, திறந்த ஆண்டு, பெயர் மாறிய ஆண்டு எல்லாம் வேறு வேறு.

• 'உலகிலேயே', 'ஒரே' என்ற சொற்கள் வந்தால், எந்த வகையில், எந்த ஆண்டில் என்று கேளுங்கள்.

1943-ல் விளம்பரமே இல்லாமல் திறந்த பாலம் இது. போர்க்காலத்தில், நம் நாட்டு எஃகில், ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் எழுந்து, 80 ஆண்டுகளைத் தாண்டியும் ஒரு நகரத்தையே சுமந்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்லவே ஒரு ரீல்ஸ் போதாது. 12 மணிக் கதை எதற்கு?